கை நனைத்த ஞாயிறு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்து சாப்பிடுவது என்பதுதான் எங்கள் திட்டம். ஊர் சுற்றப் போகிறோம் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் பசி எடுக்க வேண்டுமே என்றுதான் சுற்றினோம். நாங்கள் நான்கு பேர். நான், அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் தோழி, அவள் கணவர், அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஒருவர். கார் அந்த நண்பருடையது என்பதால் அவரைக் கார்க்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். நல்ல மனிதர். மனசில் வருவது வாயில் வருவதற்கு அவரிடம் நேரமே ஆகாது.

சனிக்கிழமை காலையில் பூந்தமல்லியில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டோம். பாயா என்றால் குடித்து முடித்ததும் உதடு ஒட்ட வேண்டும். ஒட்டியது. எனக்குச் சாப்பாட்டு விஷயத்தில் வாய் கொஞ்சம் நீளம், குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பேன், அன்றைக்குக் கிடைக்கவில்லை. அங்கிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய், வெயில் தாங்காமல் உடனே திரும்பி, பாரிவாக்கத்தில் தோழியின் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிட்டோம். அவர்கள் புதிதாகக் கட்டிய வீடு அது. பக்கத்து மனையில் இன்னும் முள்செடிதான் இருக்கிறது.

சாயங்காலம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது தோழிக்கு அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நைனா நாளிக்கு வராராம்டி. கீரை எட்த்துகினு வராராம்."

"சாப்பிடுவாரா?"

"தெர்ல." போனைப் பைக்குள் போட்டாள். "நாளிக்கு மட்டும் அவரு என் ஊட்ல கை நனைச்சிட்டா எனக்கு வேற ஒண்ணியும் வாணாம்டி."

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் கை நனைத்துவிட்டார்கள் என்று பேச்சு. அதற்குப் பிறகு அவர்கள் சம்பந்தி. தோழியின் கல்யாணம் பெண் பார்த்து நடந்த கல்யாணம் இல்லை. அவள் வீட்டார் திருமழிசையில் தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். அவள் கணவரின் வீட்டார் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இப்போது இரண்டு வீட்டிலும் விவசாயம் கிடையாது. அவள் அப்பா ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார், கணவர் வேறொரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆனாலும் அந்த மேல் கீழ் வித்தியாசம் அப்படியே இருந்தது. மகளை விட்டுவிடவும் அப்பாவுக்கு மனசு வரவில்லை. அவ்வப்போது வருவார், நாற்காலியில் உட்காருவார், பேசுவார். சாப்பிடச் சொன்னால், வயிறு நிறைந்திருக்கிறது என்பார். இத்தனைக்கும் வேலை இடத்தில் தினமும் கேன்டீன் சாப்பாடுதான். அதை யார் சமைக்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. அங்கே யாரும் அவருக்குச் சம்பந்தியாகப் போவதில்லை.

ஏரிக்கரையில் ஒருவர் தொட்டியில் விரால் மீனை உயிரோடு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தோழியின் கணவர் பெரியதாகப் பார்த்து எடுத்தார். மீன் குழம்பு முந்தின நாளே வைத்ததாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவர் கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மீனின் வழவழப்பை எடுத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. நாங்கள் கேட்டும் எங்களுக்கு ஒரு துண்டு தரவில்லை. ரசம் சாதத்தோடு எங்களைப் படுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் வெளியே போய் வந்த கார்க்காரரின் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம் இருந்தது.

"இன்னாத்துக்கு மச்சான் இது?" என்றார் தோழியின் கணவர்.

"பெர்சுக்குத்தான் மாமே. எதுக்கும் இருக்கட்டும்."

தோழியின் கணவர் பொட்டலத்தை வாங்கி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தார். அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். கார்க்காரர் பார்க்கவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிபோல அப்பா வந்தார். பையில் முளைக்கீரையும் கொஞ்சம் வெண்டைக்காயும் இருந்தன. மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் அவரே போட்டது. எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், என் சொந்த ஊர் எது என்று விசாரித்தார், வீட்டில் நீர்க்கசிவு இருந்த சுவரைத் தட்டிப் பார்த்து மருமகனுக்கு யோசனை சொன்னார். மருமகன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. எனக்கே அவரைப் பிடித்துப்போனது.

தோழி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "நைனா, சாப்ட்டுட்டுப் போ. விரால் கொழம்பு."

"இப்பதான் கண்ணு சாப்ட்டு வந்தேன். வயிறு திம்முனு கீது. இன்னொரு நாளிக்குப் பாக்கலாம்."

இது தோழிக்குத் தெரிந்த பதில்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் சரி என்று சொல்லிவிடுவாள், அவர் செருப்பை மாட்டிக்கொள்வார். அன்றைக்கும் அப்படியே முடிந்திருக்கும். கார்க்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"யப்பா, பிரியாணி கீதுப்பா. கடையில வாங்கினது. இவங்க ஊட்ல ஆக்கினது இல்ல. நீ தாராளமா சாப்டலாம்."

அந்த மனிதர் உதவிதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை, ஒரு பொட்டலத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார். டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தோழியின் கணவர் தரையைப் பார்த்தார். எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

அப்பா கார்க்காரரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டார். "நான் அப்டி எப்பனா சொல்லிக்கீறேனா கண்ணு?"

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "எலய போடு," என்றார்.

அவள் இலையைக் கழுவும்போது தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. சோறு வைத்து, குழம்பை ஊற்றி, விராலின் தலையைத் தேடி எடுத்து அவருக்கு வைத்தாள். தலை என்றால் அவருக்கு உயிர், எலும்பை உறிஞ்சி முடிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார் என்று மெதுவாக என்னிடம் சொன்னாள். அவள் கணவர் சொம்பில் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அப்பா சீக்கிரமாகச் சாப்பிட்டார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மறுசோறு போடப் போனவளை, இலைக்கு மேலே கையை வைத்துத் தடுத்தார். இலையை மூடினார், கை கழுவினார், மருமகன் நீட்டிய துண்டில் துடைத்துக்கொண்டார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

அவர் பைக் தெரு திரும்பியதும் தோழியின் கணவர் கார்க்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "மச்சான், உன் வாயிக்கு சக்கர போடணும்டா!" உடனே போனை எடுத்து அவருடைய அம்மாவுக்குச் சொன்னார். "யம்மா, மாமா கை நனைச்சிட்டாரு! நம்ம ஊட்ல! ஆமாம்மா, என் கொழம்புதான்!" அடுத்தபடி அவருடைய அக்காவுக்கு. கார்க்காரர் தான்தான் இந்தக் கல்யாணத்தையே நடத்தி வைத்தவர் என்கிற மாதிரி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் சந்தோஷம்தான். சமையலறையில் இருந்த தோழியைக் கட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன்.

அவள் மேடைமேல் அப்பாவின் இலையைப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு காலி. மீன் தலை வைத்தது வைத்தபடி இருந்தது.

"எனக்காவ சாப்புடலடி," என்றாள். "உங்க முன்னாடி மானம் போவக்கூடாதுன்னு சாப்ட்டாரு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் மீது எனக்குக் கோபம்தான் வந்தது. கீரையைக் கட்டுக் கட்டாகப் பறித்துக்கொண்டு வரத் தெரிந்தவருக்கு இது ஏன் முடியவில்லை என்று கோபம்.

ஹாலிலிருந்து அவள் கணவர் கத்தினார். "ஏய், அடுத்த வாரம் உங்கம்மாவையும் கூட்டிகினு வரச் சொல்லு! ஆடு எட்த்துர்லாம்!"

"சொல்றேன்," என்றாள் அவள், குரலில் ஒன்றும் காட்டாமல்.

காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மேடையிலிருந்து அந்த இலையை எடுத்துத் தரையில் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் தொடாமல் வைத்துவிட்டுப் போன தலையைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எலும்பாகப் பிரித்து உறிஞ்சித் தின்றாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தின்றதும் நிமிர்ந்தாள்.

"நல்லாத்தாண்டி கீது," என்றாள். "சாப்ட்டு இருக்கலாம்."