பூ என்று விளங்கிய வாள்

றைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரத்து மியூசியத்தில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அறுபத்தொரு வயது. ரோமர் காலத்துப் பொருட்கள் வைத்திருக்கிற இடம் அது. ஆறு மாதம் தவணை தந்திருந்தார்கள். அதற்குள் பிழை விட்டால் நிற்பாட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் நிரந்தரம். இந்த வயதில் வேறு இடத்தில் எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஜெர்மன் மொழி பஸ்ஸிலும் கடையிலும் பொறுக்கியது. யார் என்ன சொன்னாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், "யா, யா" என்று தலையாட்டிவிடுவேன். திருப்பிக் கேட்க வெட்கம். துப்புரவு ஆட்களுக்குப் பொறுப்பாக இருந்த பிள்ளையும் என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரி, என்னிலும் இருபது வயது இளையவள்.

"அக்கா, ஒருநாளைக்கு உங்களை வேலையால நிப்பாட்டட்டோ எண்டு கேப்பினம். அதுக்கும் யா எண்டுவியள்" என்று பகிடி பண்ணுவாள்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், பழைய பொருட்களைப் பராமரிக்கிற ஜெர்மன்காரர் என்னிடம் வந்து மளமளவென்று ஏதோ சொன்னார். நாளைக்குக் காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெரிய மேசை, கிளாடியோலன். இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. யா என்றேன்.

கிளாடியோலன் எனக்குப் பழக்கமான சொல். நீண்ட தண்டில் அடுக்கடுக்காகப் பூக்கிற பூ. இங்கே வீதியோர வயல்களில் கத்தியும் காசுப் பெட்டியும் வைத்து விட்டிருப்பார்கள், காசைப் போட்டுவிட்டு நாங்களே வெட்டி எடுக்கலாம். கோடையில் சாமிப் படத்துக்கு நான் வைப்பது அதைத்தான். பிள்ளைகள் வருவதால் பூ வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிய பஸ் தரிப்புக்குப் பக்கத்து வயலில் ஏழு தண்டு வெட்டிக்கொண்டு போனேன். மேசையை ஈரத்துணியால் வடிவாகத் துடைத்து, கண்ணாடிச் சாடி நிறையத் தண்ணீர் விட்டு, பூவை நடுவில் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். கையுறை போட்ட இரண்டு கைகளிலும் ஒரு தட்டு. தட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் நான் தினமும் பார்க்கிற குட்டை வாள். ரோமப் படையாட்கள் இடுப்பில் கட்டியது, அரங்கில் சண்டை பிடித்தவர்களும் பாவித்தது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ளதைவிடக் கொஞ்சம் நீளம், கருகிய விறகு மாதிரி நிறம். அவர் சாடியைப் பார்த்தார், மேசை ஈரத்தைப் பார்த்தார், தட்டோடு இரண்டடி பின்னால் போனார். பழைய இரும்புக்குத் தண்ணீர் ஆகாது. மேசை காய்ந்திருக்க வேண்டும் என்று நேற்றே சொன்னேன், இதை வைத்தது யார் என்று கேட்டார்.

பொறுப்பான பிள்ளை ஓடிவந்து, நேற்றைய கூட்டத்தில் மிஞ்சிய பூவாக இருக்கும் என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். நான் பேசாமல் நின்றிருக்கலாம். ஆனால் பூவில் பனி இன்னும் காயவில்லை, இன்றைக்கு வெட்டியது என்று பார்த்தாலே தெரியும். அந்தப் பொய்யால் அவளுடைய வேலைக்கும் ஆபத்து வந்துவிடும் போலிருந்தது.

நான்தான் வைத்தேன், நீங்கள் கிளாடியோலன் என்று சொன்னதாக விளங்கினேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அங்கே நான் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான்.

அவர் பூவைப் பார்த்தார், பிறகு வாளைப் பார்த்தார்.

"கிளாடியுஸ்" என்றார் ஆறுதலாக.

அதுதான் அந்த வாளின் பெயராம். பூவின் பெயரும் அதிலிருந்து வந்ததாம், சின்ன வாள் என்று கருத்தாம். இலையைக் காட்டினார். கூர்நுனியோடு ஒரு பச்சை வாள். இத்தனை வருஷம் சாமிப் படத்துக்கு வைத்தும் நான் கவனிக்கவில்லை.

காய்ந்த மேசை ஒன்று கொண்டுவந்தார்கள். சாடி ஜன்னலடிக்குப் போனது. பிள்ளைகளுக்கு வாளைக் காட்டும்போது அவர் ஒருதரம் ஜன்னல் பக்கமும் கையை நீட்டினார்.

"இனி விளங்காட்டில் கேளுங்கோ அக்கா" என்றாள் பொறுப்பான பிள்ளை.

"ஓம், கேக்கிறன்."

"இதுவும் அந்த யா மாதிரி ஓமோ?"

அடுத்த மாதம் நிரந்தரக் கடுதாசியில் கையெழுத்து வைத்தேன். இப்போதும் அந்த வாளைப் பற்றி ஏதும் சொல்ல வந்தால் அவர், "கிளாடியுஸ், பூ இல்லை" என்றுதான் தொடங்குவார். விளங்கினாலும், இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.