மத்தியானம் மட்டும் கொதித்த லாரி

கொண்டை ஊசி வளைவை ஒட்டி லாரி நின்றிருந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் சடையன் பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் நான் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருந்தேன். லாரி, மளிகைக் கடை கரீம் பாயுடையது. வெள்ளைக்காரன் காலத்து பெட்ரோல் வண்டி. பெட்ரோல் குடித்தே பாயை ஓட்டாண்டியாக்கப் பார்த்ததால், சேலத்து ஷெட் ஒன்றில் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு பழைய டீசல் எஞ்சினை உட்கார வைத்திருந்தார். அன்று பிடித்தது இந்தக் கொதிப்பு.

இதில் ஒரு வினோதம். காலையில் பாயின் தங்கை மகன் சலீம் மலையேற்றினால் வண்டி சமர்த்தாக வரும். மத்தியானம் சடையன் ஏற்றினால் கொதிக்கும். ரோடும் அதேதான், பாரமும் அதேதான். “எஞ்சின் தங்கம், டிரைவர் கைதான் சரியில்லை” என்று சேலத்து ஷெட்காரர் கைகழுவிவிட்டார்.

பாய் என்னிடம் வந்தார்.

“முருகேசு, நீ ஒரு வார்த்தை சொல்லு. கோளாறு வண்டியிலயா, அவன்கிட்டயா? அவன்கிட்டன்னா இப்பவே சாவிய வாங்கிடறேன். வாழவந்தி கிராமத்துல அவனுக்குக் காடு கெடக்குது, பொழச்சுக்குவான்.”

காடு கிடந்தது உண்மைதான். அதில் விளைகிற சாமை வீட்டுக்கே பற்றாது. எஸ்டேட்டில் களை வெட்டிக்கொண்டே லைசென்ஸ் எடுத்தவன் சடையன். அவன் பிழைப்பை என் வாயில் கொண்டுவந்து தொங்கவிட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் மெக்கானிக்கா, ஜட்ஜா?

“சலீமை ஒரு நாள் மத்தியானம் ஓட்டச் சொல்லுங்க பாய்.”

“அவனுக்குக் கடை வேலை இருக்குதேப்பா” என்று இழுத்தார். மருமகனைச் சோதித்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. சரி, நானே ஏறிப் பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் மத்தியானம் அடிவாரத்தில் சடையன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மேகம் மூடியிருந்ததால் வெயில் மேல் பழி போடவும் வழியில்லை. அவன் ஓட்டியதில் ஒரு குறையும் காணோம். கிளச்சைத் தேய்க்கவில்லை, கியரை வேண்டிய இடத்தில் மாற்றினான். நான் ஹீட் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் முள் ஏறியது. அடுத்த வளைவு திரும்பியதும் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்து மறுபடி ஏறியது. ஏற்றம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க, மாறுவது என்ன?

“ஏனுங்க மேஸ்திரி, நாந்தான் ஏதாச்சும் தப்புப் பண்றனுங்களா?”

“பேசாம ஓட்டு சாமி. நொம்ப வேடிக்கையா இருக்குது.”

அவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. முள் ஏறும்போதெல்லாம் எங்கள் சைலன்சர் புகையே எங்களை முந்திக்கொண்டு மேலே போனது. முள் இறங்கும்போது புகை பின்னாலேயே தங்கியது. உச்சிப்பொழுது தாண்டினால் சேலத்துப் பக்கமிருந்து மலையேறும் காற்று, முதல் கியரில் ஊர்கிற லாரியைவிட வேகமாக வந்தது. காலையில் அந்தக் காற்று கிடையாது.

சந்தேகம் தீர, பழைய கைலி ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் கிரில் முழுக்கக் கட்டினேன். அடுத்த நாள் முன் மட்கார்டில் ஏறி, ஹெட்லைட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எதிர்க்காற்றில் எல்லா நாடாவும் உள்ளே மடங்கின. பின்காற்றில் நடு நாடாக்கள் உள்ளே மடங்க, இரண்டு ஓரத்து நாடாக்களும் வெளியே, ரோட்டைப் பார்த்துப் படபடத்தன. கையை நீட்டினேன், அனல் அடித்தது.

பழைய ரேடியேட்டர் கிரிலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும். டீசலுக்கு வைத்தது சின்னது, இரண்டு பக்கமும் கை நுழையும் அளவு சந்து. எதிர்க்காற்று இல்லாதபோது, ரேடியேட்டரில் சூடேறி வெளியே போக வேண்டிய காற்று, அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போனது. ஏர் கிளீனரின் வாயும் அந்த அனலில்தான் இருந்தது. எஞ்சின் சூடான காற்றையே இழுத்து, இழுவை குறைந்து, டிரைவர் இன்னும் அழுத்த, இன்னும் சூடானது.

“காத்தா?” என்றார் பாய். “காத்து மேல பழியப் போட்டு அவனக் காப்பாத்தறியா?”

“ரெண்டு நாள் வண்டிய உடுங்க பாய். அப்பறமும் கொதிச்சா சாவிய நானே வாங்கித் தர்றேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான்.

பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சந்துகளை அடைத்தேன். பேரல் தகரத்தை வளைத்து ஃபேனைச் சுற்றிக் கூடு கட்டினேன், அது இழுக்கும் காற்று முழுக்க ரேடியேட்டர் வழியாகவே வரட்டும் என்று. ஏர் கிளீனரிலிருந்து ஒரு குழாயை பானெட்டுக்கு வெளியே எடுத்து கேபின் ஓரமாக உயரத் தூக்கி, மழையும் பனியும் புகாதபடி வாயைக் கவிழ்த்து வைத்தேன்.

“என்னப்பா இது, லாரிக்குத் துதிக்கை வெச்சுட்டே!” என்றார் பாய்.

மத்தியானம், முழு பாரம். சடையன் ஓட்ட, நடுவில் பாய், ஓரத்தில் நான். பின்காற்று வந்தது, புகை எங்களை முந்தியது. முள் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. வழக்கமாக நிற்கிற வளைவை லாரி தாண்டியபோது சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் வெளியே பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

எஞ்சின் மாற்றுகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் வழியையும் ஆயில் வழியையும் எல்லாரும் பார்க்கிறார்கள். காற்று எங்கே நுழைகிறது, வெளியே போனது திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். வண்டி கொதித்தால் யார் ஓட்டியது என்று கேட்பதற்கு முன், எந்த நேரத்தில் ஓட்டியது என்று கேளுங்கள்.

ஏற்காட்டில் இறங்கியதும் பாய் சடையன் தோளைத் தட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. “சடையா, நாளையிலிருந்து நீ காலைல ஓட்டு. குளுகுளுன்னு வந்து சேரலாம். மத்தியானம் சலீம் பாத்துக்கட்டும்.”

சடையன் மறுத்துத் தலையை ஆட்டினான்.

“வேண்டாமுங்க பாய். நான் நின்னத மத்தியானந்தானுங்க எல்லாரும் பாத்தாங்க. போறதயும் மத்தியானமே பாக்கட்டுங்க.”