ஹெர்மினியாவின் கைகள்

எங்கள் தெருவில் யார் வீட்டில் சமையல் நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மக்காச்சோள மாவு உருண்டைக்குள் பாலாடைக்கட்டியையும் லொரோக்கோ மொட்டுகளையும் வைத்து மூடி, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டித்தான் புபூசா ரொட்டியை வட்டமாக்குவோம். அந்தச் சத்தம் ஆளுக்கு ஆள் மாறும். என்னுடையது தடதடவென்று இருக்கும். என் குணமும் அப்படித்தான். பக்கத்து வீட்டு சோய்லா தட்டினால் டப்-டப்-டப், ஒரு மூச்சு நிறுத்தம், பிறகு ஒரு டப்.

சோய்லா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மறு வருடமே அவள் புருஷன் எலிசெயோ, மலைப்பக்கத்து ஊரிலிருந்து ஹெர்மினியாவைக் கட்டிக் கூட்டி வந்தான். குறை சொல்லக் கூடாது, தங்கமான பெண். பொழுதுக்கும் சிரிப்பு. தூறல் விழுகிற மாதிரி நிற்காமல் மெல்லத் தட்டுவாள்.

ஆனால் சோய்லாவின் மகள் தெல்மி அவள் கையால் ஒரு வாய் தின்னவில்லை. "இது எங்கம்மா சுட்டதில்ல" என்று தட்டைத் தள்ளிவிடும். நான் சுட்டுக் கொடுத்தாலும் அதே கதைதான். சின்னக் குழந்தை, எலும்பும் தோலுமாகிவிட்டது. வைத்தியரும் கையை விரித்துவிட்டார்.

"அக்கா, இது என் கண்ணு முன்னாலயே போயிடும்போல இருக்கு" என்று ஹெர்மினியா என் வாசலில் நின்று அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் வேலிக்கொடியில் லொரோக்கோ பறித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டப்-டப்-டப். நிறுத்தம். டப். ஐயோ ஆண்டவரே! கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பின் முன்னால் ஹெர்மினியாதான் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன.

"யாருடி உனக்கு இப்படித் தட்டச் சொல்லிக்கொடுத்தது?"

"நான் தட்டலக்கா. மாவைத் தொட்டதும் விரலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. கை தானா போகுது."

"கீழ போடுடி அதை!"

போடத்தான் போனாள். அதற்குள் தெல்மி வந்து நின்றது. கல்லிலிருந்து எடுத்ததைப் பிய்த்து, ஊதி ஊதி முழுசையும் தின்றது. "இன்னொண்ணு தாம்மா" என்றது. ஹெர்மினியா என்னைப் பார்த்தாள். அடுத்த உருண்டையை எடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அதே சத்தம்தான். தெல்மிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. ஹெர்மினியாவின் சிரிப்புதான் காணாமல் போனது. பாதிரியாரிடம் போகலாம் வா என்று இழுத்தேன்.

"வேண்டாங்க்கா. அவரு ஓட்டிவிட்டா பிள்ள எதைத் தின்னும்?" என்றாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

போன வாரம் ஹெர்மினியாவின் அம்மா மகளைப் பார்க்க வந்தாள். வேலியோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரு தட்டுறது? எம்பொண்ணு எங்க?"

உள்ளே கூட்டிப்போனேன். மகளைக் கண்ட பிறகும் அவள் கிட்டே போகவில்லை.

"உக்காரும்மா, சூடா ஒண்ணு சாப்பிடு" என்றாள் ஹெர்மினியா.

"நீ சுட்டுக் குடு, சாப்பிடறேன்."

ஹெர்மினியா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். மெல்ல, நிற்காமல், அவளுடைய தட்டலேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுவரோரம் தின்றுகொண்டிருந்த தெல்மி தட்டைத் தள்ளிவைத்தது.

ஹெர்மினியா குழந்தையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். டப்-டப்-டப். நிறுத்தம். டப்.

அவள் அம்மா சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டாள்.