கண்ணாடியில் வைத்த பொட்டு

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊருக்குப் போனபோது பங்களாக்களில் விட்டுப்போன பழைய ரேடியோக்களை நம்பித்தான் நானும் மச்சானும் தலவாக்கலை பஜாரில் கடை போட்டோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அந்த ரேடியோக்களில் பல்பு மாதிரிச் சூடேறி எரியும் கண்ணாடி வால்வுகளைக் கழற்றி அவன் புதிதாக ஆம்பிளிஃபயர் செய்வான். நான் பேசி விற்பேன். எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராததால் எங்களுக்குப் போட்டியே இல்லை. ஊரே சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்ற வருடங்களில்தான் எங்கள் கடை நன்றாக நடந்தது. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். ஹட்டன் கடைகளில் ஜப்பான் கேசட் செட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. தோட்டத்து லயங்களில் குடியிருந்த இளவட்டங்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி திரிந்தார்கள். எங்கள் செட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என்ன செய்து பிழைப்பது என்று யோசித்து யோசித்தே எனக்கு முடி கொட்டியது. திருவிழாக்களுக்கு வாடகைக்கு விட்டோம். எங்களைக் கவிழ்த்த அதே கேசட் செட்டுகளைப் பழுது பார்த்தோம். மச்சானுக்கு அதெல்லாம் ஒரு வேலையாகவே படவில்லை. வால்வுச் சத்தத்தின் அருமை தெரிந்த காதுள்ளவன் வருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தக் காதுள்ளவனை நான்தான் பஸ் ஏறி ஏறித் தேட வேண்டியிருந்தது.

கடைசியில் கந்தப்பளையில் ஒருவர் கிடைத்தார். தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதா கோயில் பாட்டு இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். நுவரெலியாவில் அவருக்கு அதே பைத்தியம் பிடித்த சிநேகிதர்கள் இருந்தார்கள். இவருக்குப் பிடித்தால் அவர்களும் செட் கேட்பார்கள். இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவது என்று முடிவு செய்தோம். வருடக்கணக்காகத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு ஜோடி பெரிய வால்வுகளை எடுத்து மச்சான் மாட்டினான். அந்த ரகத்தில் எங்களிடம் வேறு கிடையாது. அவற்றின் கண்ணாடியில் யார் விரலும் படக்கூடாது. ஒருமுறை நான் தொட்டுவிட்டேன் என்று நாள் கணக்கில் என்னோடு பேசவில்லை.

அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் ஆயுத பூசை. தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு வைப்பதுபோல நாங்கள் மீட்டர், சோல்டரிங் அயன், குறடு எல்லாவற்றுக்கும் வைப்போம். நன்றாகச் சூடேறி ஓடட்டும் என்று மச்சான் செட்டைக் காலையிலேயே போட்டுவிட்டிருந்தான். குளித்துத் திருநீறு பூசி வந்தவன், சந்தனத்தைத் தண்ணீர்விட்டுக் குழைத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தான். அதே கையோடு வால்வுக் கண்ணாடியிலும் வைத்துவிட்டான். யார் விரலையும் அண்டவிடாத மனிதன். சோறு போடுகிற சாமானைப் பொட்டில்லாமல் விட அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

டிக் என்று ஒரு சத்தம். கொதிக்கிற கண்ணாடி ஈரம் பட்டு விரிசல் விட்டுவிட்டது. பாட்டு நின்றது. வால்வின் உச்சியில் வெள்ளி பூசியதுபோல மினுங்கும் இடம் மெல்ல மெல்லப் பாலாக வெளுத்தது. உள்ளே காற்றுப் புகுந்தால் அப்படித்தான் ஆகும். மச்சான் சுவிட்சை அணைத்தான். மீதிச் சந்தனத்தைக் கடைக் கதவுக்கும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்கு வந்தால் செட் பாடிக்கொண்டிருந்தது. வால்வுகள் செக்கச்செவேலென்று எரிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சான் செட்டைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்து காட்டினான். யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஜப்பான் செட்டின் உள்பாகம் அங்கே இருந்தது. மேலே எரிந்தவை சத்துப்போன பழைய வால்வுகள். பாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

“தங்கச்சி மாசமா இருக்கா,” என்றான். “கடைய எப்புடி மச்சான் மூடுறது?”

பெரிய கிளாக்கர் கையோடு ஓர் இசைத்தட்டுக் கொண்டுவந்தார். அதைப் போடச் சொல்லி, எரியும் வால்வுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுதாங்க சத்தம்,” என்றார். “ஜப்பான் சாமான்ல இது வருமா?”

வராதுங்க ஐயா என்று மச்சான் சொன்னான்.

நுவரெலியாச் சிநேகிதர்களும் செட் கேட்டார்கள். பிறகு கண்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அதே மாதிரிதான் செய்து கொடுத்தோம். கடை பிழைத்தது. என் மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போனாள். வியாபாரம் நன்றாக நடக்கிறதே என்று மற்றவர்கள் சொன்னால் மச்சான் தலையாட்டுவான். காதுள்ளவன் என்ற பேச்சு மட்டும் அவன் வாயில் பிறகு வரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு ஆயுத பூசை. விற்பனைக்கு வைத்திருந்த செட் பாடிக்கொண்டிருந்தது. மச்சான் சந்தனக் கிண்ணத்தோடு அதன் பக்கம் போனான். பழைய ஞாபகத்தில் நான் அவன் கையைப் பிடித்தேன்.

“விடு மச்சான்,” என்றான். “ஒடஞ்சாலும் பாட்டு நிக்காது.”

ஒவ்வொரு வால்வுக்கும் நிதானமாகப் பொட்டு வைத்தான்.