ஊதுபத்தியை அணைக்கச் சொன்னவர் தீ மிதித்த நாள்

இன்று காலை எங்கள் கடை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. கேஸ் லொறி வரும் நாளாக இருந்தாலும், சாமிப் படத்துக்கு முன்னால் ஏற்றிய ஊதுபத்தியைக் கடைசிவரை எரிய விடுவது.

நானும் மனைவியும் ஆதரவாக வாக்களித்தோம். எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே மனிதர் நேற்றுக் காலமானார்.

சிவலிங்கம் அண்ணன். உடப்பில் நான் கேஸ் ஏஜென்சி தொடங்கிய நாளிலிருந்து எனக்கு சிலிண்டர் கொண்டுவந்த லொறி டிரைவர், முன்னேஸ்வரத்து ஆள். மாரடைப்பு... சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது.

நெருப்பு விஷயத்தில் அவரிடம் யாருக்கும் சலுகை கிடையாது. லொறியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, தீயணைக்கும் கருவியைக் கீழே இறக்கிவிட்டு, மூக்கை உயர்த்தியபடி கடைக்குள் வருவார். பக்கத்துக் கடைக்காரரின் பீடி, எதிர்வீட்டு அடுப்பு, கடைசியில் என் ஊதுபத்தி.

"அண்ணே, சாமிக்குமா?"

"சாமி இருக்கட்டும். பத்திய அணைங்க."

கேஸுக்கு வரிசையில் நின்ற காலம் ஞாபகம் இருக்கிறதா? மீன் பெட்டி கட்டுகிற சைக்கிளில் வெறும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஊரே என் வாசலில் நின்றது. ஒருநாள் சந்தியில் லொறியின் முகம் தெரிந்ததும் விசில், கைதட்டல், கூச்சல்! பெண்கள் ஆராத்தித் தட்டோடு முன்னால் போனார்கள். தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது.

அண்ணன் பிரேக் அடித்து, கதவைத் திறந்து குதித்தார்.

"தாயே! அத ஊதுங்க! ஊரே பறக்கப் போகுது, ஊதுங்க தாயே!"

சொல்லிக்கொண்டே பின்பக்கமாக ஓடினார். இந்த நாட்டில் வரவேற்புக்குப் பயந்து ஓடிய பிரமுகர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நேர்த்தி இருந்தது. தீமிதி.

மனைவி மலர் அக்காவுக்கு முதுகில் ஒப்பரேஷன். அவர் எழும்பி நடந்தால் உடப்பு அம்மன் கோயிலில் தானும் நெருப்பில் நடப்பதாக வேண்டியிருந்தார். அக்கா எழும்பினார், நடந்தார், சந்தைக்குப் போய் விலை பேசிச் சண்டையும் பிடித்தார். ஆனால் திருவிழா வரும்போதெல்லாம் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மன் தன் பங்கை முடித்துவிட்டா. மிச்சம் கம்பனியின் கையில்.

போன வருடத்துக்கு முந்திய திருவிழாவுக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது. விரதம் இருந்து காப்புக் கட்டினார். தீமிதி அன்று காலை பதில் டிரைவர் வரவில்லை.

காப்புக் கட்டிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார்!

மத்தியானம் லொறி வந்தது. கோயில் முன்றலில் கட்டைகளை அடுக்கி ஏற்கெனவே நெருப்பு மூட்டியாகிவிட்டது. அண்ணன் ஊருக்குள் வரவே மறுத்து, நெருப்புக்கு வெகுதூரத்தில், கடற்கரை றோட்டில் லொறியை நிறுத்திவிட்டார். என் சிலிண்டர்களை அங்கிருந்து தோளில் சுமக்க வேண்டியதாயிற்று. சுமந்தவர்கள் எல்லோரும் மஞ்சள் வேட்டிக்காரர்கள். இப்படி ஒரு பக்திப்பூர்வமான டெலிவரியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் கற்பிட்டிப் பக்கத்துக்குப் போக வேண்டிய பாதி லோட் லொறியிலேயே இருந்தது. லோட் உள்ள லொறியை விட்டு விலகுவதில்லை என்பது அண்ணனின் வேதம். தூரத்தில் பறைமேளம் கேட்டது. மலர் அக்கா கோயிலடியில் நின்று ஆள்மேல் ஆளாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். இவர் பொனட்டில் சாய்ந்து காப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஹெல்பர் ஜவ்ஃபர் நானாதான் வாய் திறந்தார். கரைத்தீவுக்காரர், அண்ணனுக்கு மூத்தவர்.

"தம்பி, போயிட்டு வாங்க. நான் ஈக்கிறன்."

"லோட் இருக்கே நானா."

"ஈக்கட்டும். அது எழும்பி ஓடவா போகுது? நீங்க வாறவரைக்கும் இந்த லொறிய உட்டு நான் எறங்க மாட்டன். எறங்கினா ஏன்டு கேளுங்க!"

அண்ணன் சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் போட்டுவிட்டு ஓடினார். வழியில் யாரோ மஞ்சள் வேட்டி கொடுத்தார்கள், யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மற்றவர்கள் நெருப்பை நாலு எட்டில் பாய்ந்து கடந்தார்கள். இவர், நண்பர்களே... புத்தளம் றோட்டில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டத் திட்ட லொறி ஓட்டுவாரே, அதே வேகம்! அவசரமே இல்லை. "அரோகரா" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மலர் அக்கா அந்தக் கரையில் நின்று, "கெதியா வாங்களேன் மனுசா!" என்று கத்தினார். வந்து சேர்ந்தார். அக்கா அவர் முதுகில் ஒன்று போட்டுவிட்டு அழுதார்.

லொறிக்குத் திரும்பினோம். ஜவ்ஃபர் நானா சீற்றிலிருந்தபடியே கையை நீட்டினார்.

"நில்லுங்க தம்பி! அங்கினயே நில்லுங்க! காலக் காட்டுங்க. கங்கு கிங்கு ஒட்டியிருக்கான்டு பாப்பம்."

"இல்ல நானா."

"இல்லன்டு நீங்க சொன்னாப் போதுமா? வேட்டியில சாம்பல் ஈக்கி. கடல்ல எறங்கிட்டு வாங்க."

அண்ணன் திரும்பி நடந்தார். முழங்கால் தண்ணீரில் போய் நின்று, அங்கிருந்து இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினார். பிறகு ஈரவேட்டியோடு ஏறிக் கற்பிட்டிக்கு லொறியை எடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே லொறி ஓட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

பத்தி இப்போது எரிந்து முடிந்துவிட்டது. போயிட்டு வாங்க அண்ணே.

தகனம் இன்று பின்னேரம், முன்னேஸ்வரத்தில். அண்ணனின் லொறியை ஓட்டிக்கொண்டு புது டிரைவரும் வருகிறார். மயானத்துக்குத் தூரத்தில் லொறியை நிறுத்துவார்கள். லோட் இருப்பதால் ஜவ்ஃபர் நானா இறங்கமாட்டார்.