நாற்பது பலாக்காயும் ஒரு டிவிடியும்

ஸ்ரீமதி 2004-ஆம் வருஷம் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் கடை போட்டபோது அவளுக்கு இருபத்தாறு வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கல்யாண வீட்டு நாதஸ்வரம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் சொற்பொழிவு என்று எதையும் பதிவு செய்து டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பது அவள் தொழில்.

டிவிடியில் பதிவு செய்யும் கருவி அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. மற்றவர்கள் அதில் படம் ஏற்றினார்கள். ஸ்ரீமதியின் ஆசை வேறு. ஒரு டிவிடியில் ஆறேழு சிடிக்கான இடம் இருக்கிறது. படமே வேண்டாம், அத்தனை இடத்தையும் சத்தத்துக்கே கொடுத்துவிட்டால், சிடியில் பிடிபடாத நுணுக்கமெல்லாம் அதில் வந்து உட்காருமே என்பது அவள் கணக்கு. கடன் வாங்கி நல்ல மைக் இரண்டும், கம்ப்யூட்டருக்கு விலை கூடிய சவுண்டு கார்டும் வாங்கிப் போட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"இதுல எவ்ளோ நேரம் புடிக்கும்?"

"ரெண்டு மணி நேரம் சார். ஆனா சத்தம் அப்படியே நேர்ல கேக்கற மாரி..."

"ரெண்டு மணி நேரந்தானா? பக்கத்துக் கடையில எம்பி3 போட்டு ஆயிரம் பாட்டு குடுக்கறாம்மா!"

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வித்தியாசம் தெரிகிற காது ஒன்றாவது இந்த ஜில்லாவில் இருக்காதா என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

அந்தக் காது அவள் குடும்பத்திலேயே இருந்தது. அக்கா தமிழ்மணியின் வீட்டுக்காரர் கொளஞ்சி பண்ருட்டியில் பலா மண்டி வைத்திருந்தார். அடுத்த வருஷம் மே மாதம் அக்காவைப் பார்க்கப் போனவள், அவர் காய்களை விரல் முட்டியால் தட்டித் தட்டி ஒதுக்குவதைப் பார்த்தாள்.

"என்னா மாமா கேக்குது உங்களுக்கு?"

"இது நாளைக்குப் பழுத்துடும். இதுக்கு இன்னும் மூணு நாளு ஆவும். இது இளசு, வச்சாலும் அழுவிதான் போவும். கேக்கல உனக்கு?"

அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. கைப்பையில் இருந்த சின்ன எம்பி3 ரெக்கார்டரை எடுத்து, பத்துக் காய் தட்டுவதைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினாள். கொளஞ்சி முகத்தைச் சுளித்தார்.

"எல்லாம் ஒரே டொக்கு டொக்குன்னு இருக்குது. உன் மெசினுக்குக் காது கேக்காது போலிருக்கு."

ஸ்ரீமதிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே கம்ப்யூட்டர், மைக், ஒயர் எல்லாவற்றையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வந்து இறங்கினாள். சுமை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். நாற்பது காய்க்குச் சாக்பீஸால் நம்பர் போட்டாள். கொளஞ்சி ஒவ்வொன்றாகத் தட்டினார். எந்த நம்பர் எந்த நாளில் பழுக்கிறது என்று தமிழ்மணி ஒரு நோட்டில் குறித்து வைத்தாள்.

பத்து நாள் கழித்து ஸ்ரீமதி அந்தச் சத்தங்களை வரிசை மாற்றி டிவிடியில் போட்டு எடுத்து வந்தாள். கொளஞ்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"இது மறுநாள் பழம். இது மூணு நாளு. இது வேலைக்காவாது..."

தமிழ்மணி நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். நாற்பதில் முப்பத்தேழு சரி. கொளஞ்சி ஹெட்போனைக் கழற்றி அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காயே உள்ள உக்காந்துகினு இருக்குது ஸ்ரீமதி."

அவள் கத்திய கத்தலில் பக்கத்து மண்டிக்காரர் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு கடைக்கு எந்தப் புது ஸ்பீக்கர் வந்தாலும், அந்தப் பலா டிவிடியைப் போட்டுத்தான் ஸ்ரீமதி சோதித்தாள். ஒரு வருஷத்தில் அந்த நாற்பது காயையும் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாளோ, எந்தச் சத்தம் எந்தக் காய் என்று அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

2006 ஜூனில், நல்ல சீசன் நேரத்தில், கொளஞ்சிக்குக் காதில் தண்ணீர் போய் இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. டாக்டர் பஞ்சை அடைத்து, பத்து நாள் சும்மா இருக்கச் சொன்னார். மறுநாள் முந்நூறு காயைத் தட்டிப் பொறுக்கி பெங்களூருக்கு லாரி ஏற்ற வேண்டும். வேறு யாரையும் தட்ட விடுவதற்கு அவருக்கு மனசில்லை.

"நான் தட்டறேன் மாமா" என்றாள், அவரைப் பார்க்க வந்திருந்த ஸ்ரீமதி. பஞ்சடைத்த காதில் அது விழவில்லை. தமிழ்மணி சைகையில் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் தட்டினாள். முதல் பத்துக் காயை இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு டிவிடியில் கேட்ட சத்தங்கள் ஒவ்வொன்றாக விரலடியிலிருந்து வர ஆரம்பித்தன. மத்தியானத்துக்குள் முந்நூறும் ஏறிவிட்டது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, பால் பிசின் ஒட்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து பெங்களூர் வியாபாரி போன் செய்தார். முந்நூறில் நாலுதான் சரியில்லையாம்.

"நாலா?" என்று கொளஞ்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நீங்க தட்டனா ஆறு ஏழு வருமே, அதச் சொல்லுங்க" என்றாள் தமிழ்மணி. மண்டியே சிரித்தது.

சேதி எப்படியோ சிதம்பரம் வரை போனது. அங்கே மிருதங்கம் சொல்லிக் கொடுக்கும் வைத்திலிங்கம் ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"பலாக்காயப் பேச வச்சீங்களாமே. மிருதங்கமும் பலாக்கட்டைதாம்மா. அதையும் கொஞ்சம் கேளுங்களேன்."

அவர் வாசித்ததை ஸ்ரீமதி பதிவு செய்து போட்டுக் காட்டினாள். விரல் தோலைத் தொடும் சத்தமும், தொட்டு எடுக்கும் சத்தமும் தனித்தனியாக வந்ததைக் கேட்டு, அதையே இன்னொரு தடவை போடச் சொன்னார். அவர் சொல்லி வீணை வாசிப்பவர்கள், பாடுபவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்பவர்கள் குறைந்து, எப்போது தேதி கிடைக்கும் என்று கேட்பவர்கள் ஜாஸ்தியானார்கள்.

2011-இல் ப்ளூரே டிஸ்க்கில் பதியும் கருவியும் வாங்கிவிட்டாள். அதே தரத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஒரே டிஸ்க்கில் அடங்கியது. வைத்திலிங்கத்தின் மாணவர்கள் சிதம்பரத்தில் காலை முதல் சாயங்காலம் வரை நடத்திய இசை விழா முழுவதையும், நடுவில் எங்கேயும் வெட்டாமல் அதில் பதிவு செய்தாள்.

முதல் பிரதியைக் கேட்க அக்காவும் கொளஞ்சியும் கடைக்கு வந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தாளம் போட்டுக்கொண்டிருந்த கொளஞ்சி, ஹெட்போனோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

"எழுப்பட்டுமா?" என்றாள் தமிழ்மணி.

"வேணாம்க்கா. இன்னும் பதினோரு மணி நேரம் ஓடும், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீமதி டீ வாங்கப் போனாள்.