தாலியைக் கவ்விய தெரு

வடபழனி கோயிலுக்குப் பின்னால், சினிமாக் கம்பெனிகளில் தச்சு வேலையும் தையல் வேலையும் பார்ப்போர் குடியிருந்த தெரு அது. 1971இல் காசநோய் ஆய்வுக்காக அங்கே வீடு வீடாகச் சென்று பெயர் எழுதியவர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்துக்காரர், முப்பத்து நான்கு வயது. எந்த வீட்டிலும் அரைமணிக்குள் அடுக்களைவரை போய்விடுவார் என்று அலுவலகத்தில் பெயர்.

பதினைந்து வயதைக் கடந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பத்துக்கு ஒன்பது பேராவது எக்ஸ்ரே வண்டிக்கு வந்தாக வேண்டும். குறைந்தால் தெருவையே ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். வண்டி மறுமுறை வராது. இசக்கியம்மாளின் மனத்தை அரித்தது தையல்காரர் மனைவி தங்கபுஷ்பத்தின் இருமல். இரண்டு மாதமாகக் கேட்டாலும் “தாளிச்ச நெடிக்கா” என்பதே பதில். அடுப்பு அணைந்திருந்த வேளையிலும் அதே பதில்தான்.

“நாளைக்கு வண்டி வருது, எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுப்பாக” என்று அவர் சொல்லிவிட்டு வந்தார். சினிமாக்காரர் தெருவில் படம் என்றால் ஒரே பொருள்தான். காலையில் ஆண்கள் வேலைக்குப் போகும் வழியில் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள்: பட்டுப்புடவை, கனகாம்பரம், முகத்தில் பவுடர், கழுத்தில் இரவல் அட்டிகை.

வண்டியில் எக்ஸ்ரே எடுக்கும் சங்கரன் தலையில் கை வைத்துக்கொண்டார். “நகை இருந்தா நகைதாம்மா விழும், நுரையீரல் தெரியாது. எல்லாத்தையும் கழட்டணும். தாலியும்தான்.”

அந்த ஒரு சொல்லில் வரிசை கலைந்தது.

“இன்னாம்மா இது?” என்றார், நிக்காவில் கட்டிய கருகமணியைப் பொத்திக்கொண்ட ஹாஜிரா பீ. “படம் புடிக்கறேன்னு கூப்ட்டு கயித்த அவுக்கச் சொல்றே? எங்க ஊட்டுக்காரரு கல்லு மாரி கீறாரு.”

பெண்கள் வீடு திரும்பினார்கள். மாலை ஐந்துக்கு வண்டி கிளம்பிவிடும். அதுவரை படம் எடுத்துக்கொண்டவர்கள் நூற்று நான்கு பேர். தேவை நூற்றுத் தொண்ணூற்றொன்று.

இசக்கியம்மாள் தெருக்குழாயடியில் போய் நின்றார். தங்கபுஷ்பம் குனிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். தாலி தண்ணீரில் விழாதபடி, தெருப் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல், சரட்டை இழுத்துப் பல்லிடுக்கில் கவ்வியிருந்தாள். நெஞ்சில் ஒன்றுமே இல்லை.

“அப்படியே வா, தாயி. வாயத் தொறந்துராத” என்று குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப் போனார்.

சங்கரன் பார்த்தார்; யோசித்தார். “போதும். மத்த நகையக் கழட்டிட்டு இதே மாதிரி வரச் சொல்லுங்க” என்றார்.

கழற்ற வேண்டாம், கவ்வினால் போதும் என்ற சேதி மூன்றே நிமிடத்தில் தெருக்கோடியைத் தொட்டது. பிற்பகல் முழுவதும் பெண்கள் தாலியைக் கவ்வியபடி வரிசையில் நின்றார்கள். ஹாஜிரா பீ கருகமணியோடு முன்னால். சிரிப்பு வந்தால் சரடு நழுவும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“நம்ம தெரு இவ்ளோ அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல நைனா. வண்டிய இங்கயே நிறுத்திக்கயேன்” என்றார் அந்தப் பக்கம் வந்த ஒரு தச்சர். பதில் சொல்ல முடியாத அவர் மனைவி, கையைக் காட்டி, வீட்டுக்கு வா என்று ஜாடை செய்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நூற்றுத் தொண்ணூற்றாறு ஆயிற்று. சங்கரன் எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்து, இசக்கியம்மாளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

தங்கபுஷ்பத்தின் படத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு நிழல் இருந்தது. தொடக்க நிலைதான், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்றார் டாக்டர். இசக்கியம்மாள் வாரந்தோறும் போய் மாத்திரையை எண்ணினார்.

ஆறாம் மாதம் அவர் போனபோது தங்கபுஷ்பம் அலுத்துக்கொண்டாள். “இன்னா மாத்திரக்கா இது? இருமல்தான் போச்சு, ஒரு ரவிக்கையும் கை நுழைய மாட்டேங்குது. பிரிச்சுப் பிரிச்சுத் தச்சு எங்க வூட்டுக்காரரு திட்டறாரு.”

“திட்டட்டும்” என்றார் இசக்கியம்மாள். “இன்னும் ரெண்டு தையல் பிரிக்கச் சொல்லு.”